“டீதானே அண்ணே, மருந்தா?” – மூலிகை டீயால் வரும் அலர்ஜியும் பக்கவிளைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு கடை தள்ளி ஒரு நாட்டு மருந்துக் கடை. காலையில் அங்கே ஆவாரம்பூவும் அதிமதுரமும் வாங்கியவர்களே மாலையில் என்னிடம் பிரஷர் மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் சீட்டோடு வருவார்கள். “வேற என்ன மருந்து எடுத்துக்கிறீங்க?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லையே” என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் இது, படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் அது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

எனக்கு மூலிகை மேல் எந்த விரோதமும் இல்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சுக்கு மல்லி காபி இல்லாத நாள் கிடையாது. ஆனால் டீ என்று சொல்லிவிட்டால் அது மருந்துக் கணக்கில் வராது என்ற நினைப்பு பலரைப் படுத்தியதைப் பார்த்துவிட்டேன். கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூலிகை டீன்னா என்ன? க்ரீன் டீயும் அதுல சேர்த்திதானே?

இல்லை. க்ரீன் டீ, கறுப்பு டீ எல்லாம் ஒரே தேயிலைச் செடியின் இலைதான், பக்குவம்தான் வேறு. அதில் காஃபீன் இருக்கும். மூலிகை டீ என்று நாம் சொல்வது தேயிலையே இல்லாமல் வேறு பூ, இலை, வேர், பட்டை, விதையைக் கொதிக்க வைத்தோ வெந்நீரில் ஊற வைத்தோ குடிப்பது. செம்பருத்தி, ஆவாரம்பூ, துளசி, சீமைச்சாமந்தி எனப்படும் கெமோமில், அதிமதுரம், பட்டை எல்லாம் இதில் அடக்கம். நம் பாட்டிமார் இதைக் கசாயம் என்றார்கள். இப்போது டீ பேக்கில் வருகிறது.

இலையும் பூவும்தானே அண்ணே, இதுல என்ன பக்கவிளைவு வந்துடப்போகுது?

எங்கள் ஊர்ப் பயிரையே உதாரணம் சொல்கிறேன். நிலாவாரை என்று ஒரு சின்னச் செடி. தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் மானாவாரியில் விளைகிறது. உலகச் சந்தையில் இதற்கு ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். களத்தில் காயப்போட்ட இலையைக் கையில் அள்ளிப் பாருங்கள். வெளிறிய பச்சையில், நொறுங்கும் பதத்தில், வாசனையே பெரிதாக இல்லாமல் இருக்கும். இது ஏதாவது செய்யும் என்று தோன்றாது. ஆனால் மலச்சிக்கலுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சென்னா மாத்திரையில் இருப்பது இதே இலையின் சத்துதான்.

அதே இலையை டீயாகக் குடித்தால் மட்டும் சும்மா இருக்குமா? மாத்திரையில் அளவு எழுதியிருக்கும். டம்ளரில் எழுதியிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மூலிகை உடம்பில் நல்ல வேலை செய்யும் என்று நம்பினால், அது வேண்டாத வேலையும் செய்யக்கூடும் என்பதையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

அலர்ஜி, பக்கவிளைவு ரெண்டும் ஒண்ணா?

இரண்டும் வேறு வேறு. பக்கவிளைவு என்பது அந்தச் செடியின் குணம். நிலாவாரை அதிகமானால் யாருக்கும் வயிறு போகும். அளவு கூடக் கூட விளைவும் கூடும்.

அலர்ஜி என்பது அந்த ஆளின் உடம்பைப் பொறுத்தது. ஊரே குடிக்கும், ஒருவருக்கு மட்டும் தடிக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தப் பொருளை எதிரி என்று தவறாக அடையாளம் வைத்துக்கொள்வதால் வருவது இது. அதனால் கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று நம்ப முடியாது. சிலருக்கு இரண்டு வாய் குடித்தாலே போதும். “இத்தனை நாள் குடிச்சேனே, அப்பல்லாம் ஒண்ணும் பண்ணலையே” என்று பலர் வாதாடுவார்கள். முன்பு குடித்தபோதுதான் உடம்பு அந்த அடையாளத்தை எடுத்து வைத்திருக்கும். பத்தாவது தடவையில்கூட முதல் அலர்ஜி வரலாம்.

கெமோமில் டீ குடிச்ச பத்தாவது நிமிஷம் உதடு தடிச்சு, தொண்டை அரிக்க ஆரம்பிச்சுட்டு. ஒரு பூவுக்குப் போய் இப்படி ஆகுமா?

ஆகும். இதைக் கேட்டவர் பேருந்து நிலையம் அருகே பூக்கட்டி விற்கும் ஓர் அக்கா. தூக்கம் வரவில்லை என்று மகள் வாங்கிக் கொடுத்த டீ. அவர் கையை நீட்டியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இரண்டு கையிலும் விரல் நுனி வெடித்து, கட்டைவிரல் இடுக்கில் தோல் தடித்துக் கறுத்திருந்தது. வருடக்கணக்காகச் சாமந்தி கட்டும் கை. நாரின் உராய்வு என்றே நினைத்திருந்திருக்கிறார்.

சாமந்தி, சீமைச்சாமந்தி, சூரியகாந்தி, துலுக்கச் சாமந்தி, தரிசெல்லாம் முளைக்கும் பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். பார்த்தீனியம் 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய களை. அதனால் தோல் அலர்ஜியும் மூக்கடைப்பும் வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இந்தக் குடும்பத்தில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். பூ டீயில் மகரந்தமும் சேர்ந்தே இறங்குகிறது. கொதிக்க வைத்தால் அலர்ஜி போய்விடும் என்பதும் சரியில்லை. எல்லாப் புரதமும் வெந்நீருக்குக் கெட்டுப்போவதில்லை.

ஆகவே களை வெட்டினால் தும்மல், சாமந்தி மாலை போட்டால் கழுத்தில் அரிப்பு என்று இருப்பவர்கள் கெமோமில் டீ பக்கமே போக வேண்டாம். அந்த அக்காவைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். டீயை நிறுத்தினார், கையுறை போட்டுக் கட்டுகிறார்.

தினமும் மல்லி, சோம்பு, சீரகம் போட்டுத்தான் குழம்பு வைக்கிறோம். அதையே டீ போட்டா ஏன் சில பேருக்கு அரிக்குது?

குழம்பில் நாலு பேருக்கு ஒரு ஸ்பூன் போடுவோம். டீயில் ஓர் ஆளுக்கே ஒரு ஸ்பூன், அதுவும் வெறும் வயிற்றில். இலேசான அலர்ஜி உள்ளவருக்கு அதுவரை தெரியாமல் இருந்தது அப்போது தெரிய வரும். மல்லி, சோம்பு, சீரகம், ஓமம், கேரட் இவையும் ஒரே குடும்பம் என்பதை நினைவில் வையுங்கள். பச்சைக் கேரட் கடித்தால் வாய் அரிக்கும் என்று சொல்பவர்கள் இந்த விதை டீக்களில் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும். அதேபோல வெந்தயம் பயறு வகைச் செடி. வேர்க்கடலை அலர்ஜி உள்ள சிலருக்கு வெந்தயமும் சேராது.

இன்னொன்று, டீயில் கலக்கும் தேன். தேனில் மகரந்தம் உண்டு. “துளசி டீ ஒத்துக்கலை” என்று வந்த ஒரு தம்பியிடம் தேன் இல்லாமல் துளசி சேர்த்துக்கொண்ட நாட்களைப் பற்றி விசாரித்தபோது, கோயில் தீர்த்தத்தில் துளசி சாப்பிட்டு அவருக்கு எதுவும் ஆனதில்லை என்று தெரிந்தது. சந்தேகம் தேன் பக்கம் திரும்பியது. டீ பேக்காக இருந்தால் அட்டையைத் திருப்பிப் பார்த்து, மணத்துக்கும் நிறத்துக்கும் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் படியுங்கள்.

எந்த அறிகுறி வந்தா சும்மா இருக்கலாம், எது வந்தா ஓடணும்?

வாயில் அரிப்பு, ஓரிரு இடத்தில் தடிப்பு என்று மட்டும் இருந்தால் டீயை நிறுத்திவிட்டு, வாய் கொப்பளித்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு கவனியுங்கள். ஆனால் குரல் மாறினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், நாக்கு வீங்கினால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், தலை சுற்றிக் கண் இருட்டினால், உடம்பெல்லாம் தடிப்போடு வாந்தியோ வயிற்றுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108-க்கு அழையுங்கள். இதை அனாஃபிலாக்சிஸ் என்பார்கள். உயிருக்கே ஆபத்து.

இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வாகனம் வரும்வரை நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரட்டும். நடக்க வைக்காதீர்கள். திடீரென்று எழுந்து நிற்பதால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கிப் போனவர்கள் உண்டு. ஊசி போட்டுச் சரியானதும் வீட்டுக்குக் கிளம்பத் துடிக்காதீர்கள். சில மணி நேரம் கழித்து அறிகுறி இரண்டாம் தடவை திரும்பி வரலாம் என்பதால்தான் மருத்துவர்கள் இருக்கச் சொல்கிறார்கள்.

ஒரு சிட்ரிசின் போட்டுக்கிட்டு அந்த டீயைத் தொடர்ந்து குடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அலர்ஜி மாத்திரையான சிட்ரிசின் அரிப்பை அடக்கும், தொண்டை வீக்கத்தைத் தடுக்காது. முன்னெச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பது மாதிரி.

ஸ்லிம்மிங் டீ குடிச்சு ஒரே வாரத்துல ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கேன். இப்ப நிறுத்தினா மலச்சிக்கல் வருது. என்ன பண்ண?

அட்டையைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். பொருள் பட்டியலில் சென்னா இலை இருந்தது. மேலே சொன்ன நிலாவாரைதான். அது பெருங்குடலைத் தூண்டி, தண்ணீரை உள்ளே இழுத்து, 6 முதல் 12 மணி நேரத்தில் வெளியேற்றும். உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். அதனால் குறைந்த இரண்டு கிலோ கொழுப்பு இல்லை, தண்ணீரும் மலமும்தான். ‘டீடாக்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

தினமும் குடித்தால் வயிற்றைப் பிசையும். பொட்டாசியம் குறைந்து கால் தசை இழுக்கும், நெஞ்சு படபடக்கும். வாரக்கணக்கில் போனால் அது இல்லாமல் குடல் வேலை செய்யாது என்ற நிலைக்கு வந்துவிடும். இந்தத் தங்கை அந்த இடத்தில்தான் நின்றிருந்தார். சென்னாவை மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அவரை டீயை நிறுத்தச் சொல்லி, இசப்கோல் உமி, நிறையத் தண்ணீர், கீரை, கொய்யா என்று போகச் சொன்னேன். வழிக்கு வர மூன்று வாரம் பிடித்தது. சென்னா குடிப்பவர்களுக்குச் சிறுநீர் சிவந்து போவதும் உண்டு. ரத்தமோ என்று பயந்து வருவார்கள். நிறுத்தினால் தானாகத் தெளிந்துவிடும், தெளியாவிட்டால் பரிசோதிக்க வேண்டும்.

தொண்டைக்கு நல்லதுன்னு ரெண்டு மாசமா அதிமதுர டீ குடிக்கிறேன். பிரஷர் மாத்திரை போட்டும் இறங்க மாட்டேங்குது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா சார்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. என் கடையில் எல்லோரிடமும் நான் தவறாமல் விசாரிக்கும் ஒரு மூலிகை இருக்கிறதென்றால் அது அதிமதுரம்தான். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைத் தடுத்துவிடுகிறது. அப்போது கார்டிசால், உப்பைத் தேக்கிவைக்கும் ஹார்மோன் போல வேலை செய்ய ஆரம்பிக்கிறது. உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், சோர்வு தட்டும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

2019-இல் கனடாவின் மருத்துவச் சங்க இதழில் மாண்ட்ரியலைச் சேர்ந்த 84 வயது முதியவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். எகிப்தில் ரம்ஜான் காலத்தில் விரும்பிக் குடிக்கும் ‘எர்க் சூஸ்’ என்ற அதிமதுரப் பானத்தை வீட்டிலேயே தயாரித்து, தினம் ஒன்றிரண்டு டம்ளர் வீதம் இரண்டு வாரம் குடித்திருக்கிறார். அழுத்தம் அபாயக் கட்டத்துக்கு எகிறி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டே வாரம். நம்மவர் இரண்டு மாதம் குடித்திருந்தார்.

கிளிசிரைசின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய நிபுணர் குழுவின் கணக்கு. வீட்டில் வேரைத் தட்டிப் போடும்போது அதை யாராலும் அளக்க முடியாது. தொண்டை கட்டினால் இரண்டு மூன்று நாள், அவ்வளவோடு நிறுத்துங்கள். பிரஷர், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரையோ டைகாக்ஸின் என்ற இதய மாத்திரையோ எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். நிறுத்தினாலும் அதன் விளைவு இரண்டு வாரம் வரை நீடிக்கலாம் என்பதால், மறுநாளே அழுத்தம் இறங்கவில்லையே என்று பதற வேண்டியதில்லை. அந்த சார் தன் மருத்துவரிடம் சொல்லி பொட்டாசியம் பரிசோதித்துக்கொண்டார். குறைவாகத்தான் இருந்தது.

சுகர் மாத்திரையோட ஆவாரம்பூ டீயும் குடிச்சா சீக்கிரம் குறையுமில்ல?

குறையும் என்பதுதான் கவலையே. ஆவாரம்பூவுக்கு நம் நாட்டு வைத்தியத்தில் நீரிழிவு மருந்து என்ற பேர் உண்டு. இலங்கையிலும் ரணவரா என்ற பெயரில் குடிக்கிறார்கள். வெந்தயத்துக்கும் இந்தக் குணம் இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்துக் குடித்துவிட்டு, காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை சட்டென்று கீழே போகலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, பசி, குழப்பம் வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் குடித்துவிட்டு மற்றதைப் பிறகு பாருங்கள். இதைவிட மோசம், டீயை நம்பி மாத்திரையை நிறுத்துவது. கால் புண் அழுகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

செம்பருத்தி டீயும் பிரஷர் விஷயத்தில் இதே மாதிரிதான், அதிமதுரத்துக்கு நேர் எதிர்த் திசையில். ஆராய்ச்சிகளில் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் புளிச்சக் கீரை இனத்தின் சிவந்த புல்லிவட்டம். நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி அதன் உறவு, அதுவே இல்லை. எதுவானாலும் மாத்திரையோடு சேர்ந்து அழுத்தம் அதிகம் இறங்கினால் எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுக்கும். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமில் விழுவது இப்படியும் நடக்கும்.

அப்பாவுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுக்கிறாங்க. இஞ்சி டீ, கெமோமில் டீ கொடுக்கலாமா?

வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை சாப்பிடுகிறவர் என்றால் புதிதாக எந்த மூலிகையையும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். 2006-இல், மேலே சொன்ன அதே கனடிய இதழில், வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த 70 வயது அம்மாள் ஒருவரைப் பற்றிய குறிப்பு வந்தது. சளிக்காகக் கெமோமில் டீயும், கால் வீக்கத்துக்குக் கெமோமில் பூச்சும் பயன்படுத்தியதில் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. சமையலில் சேரும் இஞ்சி பரவாயில்லை. டம்ளர் டம்ளராக என்றால் யோசிக்க வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது டீ விவரத்தையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை தேதி குறித்துவிட்டாலும் அப்படியே. இரண்டு வாரம் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம்.

நிலவேம்புக் கசாயத்தை அரசாங்கமே ஊர் ஊரா கொடுத்துச்சே. அதுலயுமா அலர்ஜி?

டெங்கு பரவிய 2012-லும் அதற்குப் பிறகும் கொடுத்தது உண்மை. அந்தக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் என மொத்தம் ஒன்பது சரக்கு. யாருக்காவது தடித்தால் எதனால் என்று சட்டெனச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். ஆனால் நிலவேம்பு தனியாகவே சிலருக்குக் கடுமையான அலர்ஜியை உண்டாக்கும் என்று 2015-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் நேரத்தில் சித்த மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் குடிப்பது வேறு, கசப்பு நல்லது என்று வருடம் முழுக்கக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும், குழந்தைக்கு முயல்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கொரோனா நேரத்துல ஆரம்பிச்ச சீந்தில் கசாயத்தை இன்னும் விடல. கண்ணு மஞ்சளா இருக்குங்கிறாங்க. அதுவா இருக்குமா?

உடனே நிறுத்திவிட்டு, இன்றைக்கே கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். 2020 கடைசியில் மும்பையில் சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது வேறு ஒரு சீந்தில் இனமாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அதன்பின் 2022-இல் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. அவர்களில் பலருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் தன்னுடல் எதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சியின் அடையாளங்கள் இருந்தன. தைராய்டு, முடக்குவாதம் மாதிரி எதிர்ப்புச் சக்தி கோளாறு உள்ளவர்கள் இதை விட்டு விலகியிருப்பது நல்லது என்பது என் கருத்து.

பட்டைக்கும் ஒரு வார்த்தை. மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த, முரட்டுப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் டீயாகக் குடித்தால் சிலருடைய கல்லீரலைப் பாதிக்கும். சுருட்டு போல மெல்லிய அடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. பசியின்மை, குமட்டல், அடர்ந்த சிறுநீர், தோல் அரிப்பு வந்தால் எந்த டீயானாலும் நிறுத்துங்கள். அரிப்பு என்றாலே அலர்ஜி என்று நினைத்துவிடாதீர்கள், கல்லீரல் கெட்டாலும் அரிக்கும்.

அஞ்சு மாசம் அண்ணா. எந்த டீயெல்லாம் குடிக்கலாம்?

வாந்திக்குக் கொஞ்சம் இஞ்சி, சமையல் அளவில் சீரகத் தண்ணீர் போன்றவற்றில் பயமில்லை. அதிமதுரம், நிலவேம்பு, நிலாவாரை, செம்பருத்தி, வெந்தயத்தைக் கசாய அளவில் குடிப்பது எல்லாம் வேண்டாம். இதில் பட்டியல் நீளும். உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் டீயின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவதுதான் சுலபம்.

பிள்ளைக்கு வயித்து உப்புசம். சோம்புத் தண்ணி, அன்னாசிப்பூத் தண்ணி ஒரு சங்கு கொடுக்கலாமான்னு அத்தை கேட்காங்க.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. அத்தையின் அக்கறை எனக்குப் புரிகிறது, அவர்களிடம் நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொன்னேன். 2003-இல் அமெரிக்காவில் அன்னாசிப்பூ டீ குடித்துச் சுமார் 40 பேருக்கு வலிப்பு, வாந்தி போன்றவை வந்தன. அதில் 15 பேர் கைக்குழந்தைகள். அங்கும் வயிற்று உப்புசத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். பிரியாணிக்குப் போடும் சீன அன்னாசிப்பூவில், பார்க்க அதே மாதிரி இருக்கும் நச்சு ஜப்பான் இனம் கலந்துவிடுவது உண்டு. காய்ந்த பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது.

வசம்புக்கும் இதே பதில்தான். பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வைத்துக் கொண்டாடுகிறோம், ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்காக 1968-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஒரு வயது வரை தேனும் நாக்கில் வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சாகலாம்.

இரும்புச்சத்து மாத்திரை மூணு மாசமா சாப்பிடுறேன், ரத்தம் ஏறவே இல்லை. டீ காபி தொடுறதில்லை, புதினா டீதான்.

அந்தப் புதினா டீயை எப்போது குடிக்கிறீர்கள்? மாத்திரையோடு என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். 1999-இல் வந்த ஓர் ஆய்வில், உணவோடு குடித்த புதினா டீ இரும்பு உறிஞ்சப்படுவதை 84 சதவீதம் குறைத்தது. சாதாரண டீக்கு நிகர். கெமோமில் 47 சதவீதம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு மாத்திரையைப் போட்டால் நன்றாகச் சேரும். புதினா நெஞ்செரிச்சலையும் கூட்டும்.

பொட்டலத்துல இருக்கறது நாம கேட்ட மூலிகைதானான்னு எப்படித் தெரியும்?

பொடியாக வாங்கினால் தெரியாது. அதனால்தான் முழுப் பூ, முழு வேர், முழு இலையாக வாங்கச் சொல்கிறேன். பெயர்க் குழப்பம் நம்மிடம் ஏராளம்: ஆவாரை, நிலாவாரை என்று பெயர் ஒட்டி நிற்கும், ஒன்று சர்க்கரைக்கு, இன்னொன்று பேதிக்கு. பூஞ்சை வாசம் அடித்தாலும், தூசி அதிகமாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலர்ஜிக்கு அதுவே காரணமாகலாம்.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைப்புச் சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த இன்னொன்று கொடுக்கப்பட்டது. 100-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்குப் பிறகு புற்றுநோயும் வந்தது. அந்த இரண்டாவது செடி அரிஸ்டலோகியா இனம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அந்த இனம்தான். “பூச்சிக்கு, விஷக்கடிக்கு” என்று யாராவது இவற்றைக் கசாயமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நாலஞ்சு மூலிகை சேர்த்துக் குடிக்கிறேன். எது ஒத்துக்கலைன்னு வீட்டுலயே ஒவ்வொண்ணா குடிச்சுப் பார்க்கலாமா?

வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் என்றால் சரி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வந்திருந்தால் கூடவே கூடாது. அலர்ஜி என்ன என்று பார்த்தோமே, அடுத்த தடவை முதல் தடவை போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மருத்துவமனையில் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை அது. மிச்சமிருக்கும் டீயைக் கொட்டிவிடாமல் பொட்டலத்தோடு எடுத்துப் போங்கள். தோலில் வைத்துப் பார்க்க அதுவே உதவும்.

டாக்டர்கிட்ட சொன்னா “எவன் குடிக்கச் சொன்னான்”னு திட்டுவாரே?

திட்டுவார்கள், சிலர். அதற்குப் பயந்து சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். நான் செய்து தருவது இதுதான்: மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் அவர்கள் குடிக்கும் டீயையும் மாத்திரை மாதிரியே எழுதிவிடுவேன். “ஆவாரம்பூ, காலை 1 டம்ளர், 4 மாதமாக. அதிமதுரம், இரவு அரை டம்ளர், 10 நாளாக.” வாய்திறந்து சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூடச் சீட்டை நீட்டிவிடுவார்கள். மருத்துவரும் அதைப் படித்துவிட்டு மாத்திரையின் அளவைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

மோசமான விளைவு எது வந்தாலும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். மருந்துகளின் பாதக விளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் எண் அது. பொட்டலத்தின் பெயர், எத்தனை நாள் குடித்தது, கூட என்ன மாத்திரை என்று கேட்பார்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.